குப்பை போடாத வீடு

துணியக்காவின் வீட்டில் குப்பைக்கூடை கிடையாது. வாங்க வசதியில்லாமல் இல்லை. வாங்கினால் அதில் எதைப் போடுவது என்பதுதான் அவளுக்குப் புரியாத விஷயம். வெங்காயத் தோலிலிருந்து வீட்டுக்காரர் விட்டுப்போன இடுப்பு பெல்ட் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அங்கே அடுத்த வேலை ஒன்று காத்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்துபோன பொருள் என்று ஒன்றை அவள் ஒப்புக்கொண்டதே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணி அறையில் தையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கட்டில் விரிப்பு எப்போதும் நடுவில்தான் நையும். அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரம் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து சேர்த்துத் தைத்தால் இன்னும் சில வருஷம் உழைக்கும். அதுவும் நைந்தால் தலையணை உறை. உறை போனால் குழந்தைகள் வார்டுக்குக் கைத்துண்டு. துண்டு போனால் துடைக்கிற துணி. அதுவும் நார்நாராகக் கழன்ற பிறகு பின்னிச் சேர்த்து, தரை துடைக்கிற குச்சிக்குத் தலையாகக் கட்டிவிடுவாள். டாக்டர்கள் மாறினார்கள், நர்ஸுகள் கல்யாணமாகிப் போனார்கள், விரிப்பு மட்டும் சாகாமல் இருந்தது. துணியக்கா என்பது அந்த நர்ஸுகள் வைத்த பெயர். வேலையை விட்ட பிறகும் பெயர் அவளை விடவில்லை. குடியிருந்த கட்டடத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடம் அது. அவள் வீடு ஐந்தாவது மாடியில். எதிர்வீட்டுக்காரர்கள் பூட்டிக்கொண்டு வெளிநாடு போய் வெகுநாளாயிற்று. ஆகவே அந்த மாடியில் அவள் ஒருத்திதான். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு சின்னத் தொழிற்சாலை. நகத்தளவு தேய்ந்த சோப்பெல்லாம் ஒரு பழைய காலுறையின் நுனிக்குள் போய்ச் சேரும். காலுறையை நனைத்துத் தேய்த்தால் நுரை வரும். ஆரஞ்சுத் தோல் வினிகரில் ஊறி, சிங்க் கழுவுகிற தண்ணீராகும். காய்கறித் தோலும் முட்டை ஓடும் பால்கனியில் ஓட்டை போட்ட டிரம்முக்குள் மக்கும். கம்பி ஒடிந்த குடை ஒன்றின் துணி, மழையில் கடைக்குப் போகிற பையாயிற்று. கம்பி தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாயிற்று. கைப்பிடி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் ரொம்ப நாள் அவளை முறைத்துக்கொண்டு கிடந்து, கடைசியில் கதவில் துண்டு மாட்டும் கொக்கியாக வேலைக்குச் சேர்ந்தது.

எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டாள் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். கஞ்சப்பிசுநாறி என்றவர்களும் உண்டு. காக்கை வந்திருந்தால் ஓட்டியிருக்கமாட்டாள் என்பது உண்மைதான். பேச்சுத் துணைக்கு ஆச்சே என்று உட்காரவைத்திருப்பாள். ஐந்தாவது மாடிக்கு ஈ காக்கைகூட வரவில்லை என்பதுதான் விஷயம்.

கணவர் இருந்தவரைக்கும் அந்த வீட்டிலிருந்தும் குப்பை போய்க்கொண்டுதான் இருந்தது. அவர் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷர். காலையில் கேட்டருகே குப்பை வண்டி வந்து நின்று விசில் ஊதினால் பாதிக் கட்டடம் வாளியும் கையுமாக இறங்கும். தண்ணீர் மோட்டார் ஏன் ஓடவில்லை, யாருக்கு வேலை போயிற்று, எந்தக் கடை முட்டை நல்ல முட்டை என்று கொஞ்ச நேரம் பேச்சு ஓடும். அந்தப் பேச்சுக்காகவே அவர் சிகரெட் அட்டையையும் இரண்டு வாழைப்பழத் தோலையும் பத்திரப்படுத்தி வைப்பார்.

“என்ன இருக்குன்னு இதைத் தூக்கிட்டுப் போறீங்க? தோலை இங்க குடுங்க, தொட்டியில போட்டா மண்ணாகும்” என்று துணியக்கா பிடுங்குவாள்.

“தோலு மண்ணாகட்டும்டி. நான் நாலு மனுஷங்களைப் பார்க்க வேணாமா?” என்று அவர் காலி வாளியை ஆட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்.

அவர் போன பிறகு சிகரெட் அட்டை நின்றது. அவர் வாங்கிக் குவிக்கிற நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள் நின்றன. குப்பை குறைந்துகொண்டே வந்து, ஒருநாள் பார்த்தால் வாளியில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. வாளியைக் கழுவிக் காயவைத்து அதில் செடி நட்டாள். மாடி இறங்கி ஏறுகிற ஒரு வேலை ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

ஒழிந்தது வேலை மட்டும் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைத்தது. எதையும் வீணாக்காதவளுக்கு எதுவும் சீக்கிரம் தீர்வதில்லை. தீராதவளுக்குக் கடையில் என்ன வேலை? பக்கத்து வீட்டில் போய் ஒரு கரண்டி சர்க்கரை கடன் கேட்கிற யோகம்கூட அவளுக்கு இல்லை. எதுவாவது உடைந்தால் தானே ஒட்டிக்கொள்வாள், கிழிந்தால் தானே தைத்துக்கொள்வாள். இப்படியே ஒவ்வொரு கதவாகத் தானே சாத்திக்கொண்டு வந்து, கடைசியில் பார்த்தால் ஒண்டிக்கட்டை. சிக்கனத்துக்கு இவ்வளவு விலை உண்டென்று ஆஸ்பத்திரித் துணி அறையில் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

கணவரின் சட்டைகளையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவர் இருக்கும்போதே கழுத்துப்பட்டை நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துக் கொடுப்பவள். அவர் போன பிறகு அவற்றைத் தலையணை உறையாக்கினாள். முகம் வைத்துப் படுக்க நன்றாகத்தான் இருந்தது. உறை நைந்தபோது, பழகிய கை தன் பாட்டில் கத்தரியை எடுத்தது. பிறகொரு நாள் அடுப்பு மேடையைத் துடைக்கும்போது விரலில் ஒரு பொத்தான் துளை தட்டுப்பட்டது. அவருடைய நீலக்கோடு போட்ட சட்டை. துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். முழுச்சட்டை என்று ஒன்றுகூட இல்லை. அலமாரி முன்னால் உட்கார்ந்து அழுதாள். அழுத முகத்தை அந்தத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்; வேறெதில் துடைப்பாள்?

மகன் வேறு ஊரில் வேலையாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். ஒருதடவை வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனான். மருமகள் தங்கமான பெண். ஆனால் துணியக்கா அவர்கள் வீட்டுக் குப்பைக்கூடையிலிருந்து பிளாஸ்டிக் உறைகளைப் பொறுக்கிக் கழுவி, பால்கனிக் கொடியில் துணிகளுக்கு நடுவே கிளிப் போட்டுக் காயவைத்தாள். தெருவே அண்ணாந்து பார்த்தது.

“அத்தை, இதெல்லாம் ஒரு தடவை யூஸ் பண்ணிட்டுப் போடறது” என்றாள் மருமகள், அழாத குறையாக.

“ஏம்மா, இன்னும் நல்லா வலுவாத்தானே இருக்கு?” என்றாள் துணியக்கா.

அதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சில வாரத்தில் அவள் திரும்பி வந்துவிட்டாள். சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். சண்டையே இல்லாததால் அது அப்படியே நின்றுபோயிற்று.

இப்படியிருக்கும்போதுதான் அவள் குளியலறையில் விழுந்தாள். விழவைத்ததும் அவளுடைய சிக்கனம்தான். சோப்புத் தண்ணீர் தரை துடைக்க, துணி அலசிய தண்ணீர் கக்கூஸுக்கு, அரிசி கழுவிய தண்ணீர் செடிக்கு என்று அங்கே வாளிகள் வரிசைகட்டி நிற்கும். ஒன்றைத் தாண்டும்போது கைப்பிடி காலில் மாட்டியது. அவள் ஒருபக்கம், வாளிகள் ஒருபக்கம். கணுக்கால் பிசகிவிட்டது. உள்பக்கமாகத் திறக்கிற கதவு அது. கதவுக்கும் சுவருக்கும் நடுவே அவளும் தண்ணீர் டிரம்மும் சிக்கிக்கொண்டதில் கதவைத் திறக்க வழியில்லாமல் போயிற்று.

கத்தினாள். குளியலறை ஜன்னல் கட்டடத்தின் நடுவே விட்டிருந்த குறுகிய சந்துப் பக்கம் இருந்தது. அடியில் மோட்டார் ஓடுகிற சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன பிறகு, ஈரத்தரையில் சாய்ந்து கிடந்தாள். வெளிச்சம் போயிற்று. மறுபடி வந்தது.

மறுநாள் காலையில் விசில் கேட்டது. குப்பை வண்டிப் பெண்ணை எல்லாரும் விசிலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கீழே கதவுகள் திறந்தன, வாளிகள் இடித்தன, யாரோ சிரித்தார்கள். வேலைக்கு ஓடுகிறவர்கள் வாளியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். கேட்டருகே கூட்டம் கலைந்ததும் விசிலம்மா சாக்கோடு மாடி மாடியாக ஏறி அவற்றைக் கவிழ்த்துக்கொண்டு வருவாள். துணியக்கா அந்தக் காலடியை எண்ணத்தாலேயே பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது மாடி. மூன்றாவது. நாலாவது மாடியில் ஒரு வாளி கவிழ்ந்த சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கட்டிய தொண்டையால் கூப்பிட்டுப் பார்த்தாள். காலடி ஒரு நொடி நின்று, திரும்பி, இறங்கிப் போய்விட்டது.

ஐந்தாவது மாடிக்கு எதற்கு ஏறவேண்டும்? அங்கேதான் குப்பையே கிடையாதே.

எப்படியோ தரை துடைக்கிற குச்சியை எட்டிப் பிடித்து, டிரம்மை முட்டித்தள்ளி, மத்தியானம் தவழ்ந்து வெளியே வந்தாள். காலுக்குத் தானே துணியைச் சுற்றிக்கொண்டாள். கட்டுப்போடுகிற துணிக்கு அந்த வீட்டில் பஞ்சமா? ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டபோது நல்லா இருக்கேன் என்று சொன்னாள். விழுந்ததைவிட அந்தக் காலடி திரும்பிப் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. செத்துக் கிடந்திருந்தாலும் அது அப்படித்தான் திரும்பிப் போயிருக்கும். பிறகு எப்போது, யார் வந்து பார்த்திருப்பார்கள்? அந்தக் கேள்வி ராத்திரியும் பகலும் அவளோடேயே வீட்டுக்குள் சுற்றியது.

கால் ஊன்ற முடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். தானும் குப்பை போடுவது. நாலு பேர் கண்ணில் தினமும் படுவது.

சொல்வது சுலபம். குப்பைக்கு எங்கே போவாள்? காலையிலிருந்து வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்ணாடி ஜாடியை எடுத்தாள். மூடிதானே சரியில்லை என்று திரும்ப வைத்தாள். முடியுதிர்ந்த பல் தேய்க்கும் பிரஷை எடுத்தாள். ஜன்னல் இடுக்கில் அழுக்கெடுக்க அதைவிட நல்ல ஆயுதம் இல்லையென்று மனசு தடுத்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுதியில் விடுகிற தாயைப் போல ஒவ்வொன்றாகத் தேற்றித் தேற்றி எடுத்துவைத்தாள்: விளிம்பு உடைந்த ஒரு கோப்பை, ஒற்றைக் கையுறை, கொஞ்சம் துணி நறுக்குகள், மூடியில்லாத இரண்டு டப்பாக்கள். கை சும்மா இருக்குமா? டப்பாக்களைத் தேய்த்துக் கழுவினாள். கோப்பை யார் கையையும் கிழித்துவிடக்கூடாதென்று காகிதத்தில் சுற்றினாள். நறுக்குகளை நிறவாரியாக மடித்துவைத்தாள். எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாக்கி நூல்கயிற்றால் கட்டி, பூமுடிச்சுப் போட்டாள்.

விசில் கேட்டதும் பொட்டலத்தோடு இறங்கினாள்.

“அட, துணியக்கா குப்பை போட வந்துட்டாங்க! இன்னைக்கு மழை கொட்டப்போகுது பாருங்க” என்றார் நாலாம் மாடியிலிருக்கிற கண்ணாடிக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கால் ஏன் நொண்டுகிறது என்று யாராவது கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். பேச்சு திரும்பவும் மோட்டாருக்குப் போயிற்று, பிறகு ஒரு வீட்டு நாய்க்குப் போயிற்று, பிறகு ஒவ்வொருவராக மணி பார்த்துக்கொண்டு கலைந்தார்கள். நாயின் கதைக்கு முன்கதை தெரியாததால் அவளுக்கு எங்கே சிரிக்கவேண்டும் என்பதுகூடப் புரியவில்லை. கணவருக்கு வாளி ஒரு சாக்குத்தான். பேச்சு அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அவளிடம் பொட்டலம் மட்டும்தான் இருந்தது. அதையும் வண்டியில் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அன்று மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

அந்தச் சத்தம் பழக்கமில்லாததால் முதலில் ஜன்னலைப் போய்ப் பார்த்தாள். பிறகுதான் கதவைத் திறந்தாள். விசிலம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் அதே பொட்டலம், பூமுடிச்சு கலையாமல்.

“அக்கா, தெரியாம இதையும் போட்டுட்டீங்க போல. குப்பை பிரிக்கிற இடத்துல பார்த்தேன். ஏதோ பரிசு மாதிரி கட்டியிருக்கே, வேற யாருக்கோ குடுக்க வச்சிருப்பீங்கன்னு எடுத்து வச்சேன்.”

துணியக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லம்மா. அது குப்பைதான்.”

“குப்பையா?” விசிலம்மா பொட்டலத்தை மூக்கருகே கொண்டுபோனாள். “சோப்பு வாசனை வருதுக்கா. குப்பையைக் கழுவியா போடுவாங்க யாராச்சும்?”

“எனக்கு வேற மாதிரி போடத் தெரியலைம்மா” என்றாள் துணியக்கா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. உடைந்ததை ஒட்டத் தெரிந்தவளுக்கு அதை மட்டும் ஒட்ட முடியவில்லை. விசிலம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மனுஷியிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னாள். விழுந்தது, கத்தியது, ராத்திரி முழுக்கக் கிடந்தது. “நீ நாலாவது மாடியில வாளி கவிழ்த்தது எனக்குக் கேட்டுச்சு. கூப்பிட்டேன். நீ திரும்பிப் போயிட்டே.”

விசிலம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். “ஏதோ சத்தம்னு நின்னேன்க்கா. புறான்னு நினைச்சுட்டேன்.” பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள். “பின்தெருவுல ஒரு பெரியவர் இருந்தாரு. தினம் வாளி வெளியில இருக்கும். ஒருநாள் இல்லை. கதவைத் தட்டி ஆளுங்களைக் கூட்டினேன், பிழைச்சுக்கிட்டாரு. வாளி வரலைன்னா எனக்குத் தெரிஞ்சிடும்க்கா. ஆனா உங்க வீட்டுல வராததுதானே வழக்கம்? அதை வச்சு நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?”

பிறகு விசிலம்மாவே ஒரு வழி சொன்னாள். “ஒண்ணு பண்ணுங்க. காலி வாளியை வைங்க. குப்பை வேணாம். தினம் காலையில கதவுக்கு வெளியில வாளி இருக்கணும். நான் வந்து அதைக் கவிழ்த்து வைக்கிறேன். இல்லைன்னா தட்டுவேன்.”

“காலி வாளிக்காக ஒரு மாடி ஏறுவியா?”

“நாலு ஏறுற காலுக்கு அஞ்சாவது கணக்கா?” என்று எழுந்துவிட்டாள் விசிலம்மா. வேலை கிடந்தது அவளுக்கு.

துணியக்கா ஒரு பெயிண்ட் டப்பாவைச் சுரண்டிக் கழுவி, பழைய பெல்ட்டைக் கைப்பிடியாகப் பூட்டி வாளியாக்கினாள். விடிந்ததும் வெளியே வைப்பாள். அப்புறம் காலடி வரும், வாளி கவிழும், காலடி போகும். அவள் கதவுக்கு இந்தப்பக்கம் டீ குடித்துக்கொண்டு அதைக் கேட்பாள். வெளியே வந்து பேச்சுக்கொடுத்தால் வேலை கெடும் என்று வருவதில்லை; அடுத்தவர் நேரத்தையும் வீணாக்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்குப் பிறகுதான் அவளுக்கு அன்றைய நாள் தொடங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, காற்றைக்கூட வீணாக்காமல் வாளியில் பிடிக்கிறாள் போல என்று கீழே போய்ச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நன்றி சொல்ல நினைத்தாள். பழைய ஜீன்ஸ் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, உள்ளங்கையில் இன்னொரு ஒட்டுப் போட்டு, கண்ணாடித் துண்டு குத்தாத மாதிரி ஒரு ஜோடிக் கையுறை தைத்தாள். விசிலம்மாவின் கையளவு தெரியாமல், அவள் பொட்டலம் நீட்டியபோது பார்த்த நினைவிலேயே வெட்டினாள். காலையில் அதை வாளிக்குள் வைத்துவிட்டு, கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டாள். காலடி வந்தது. வாளி கவிழ்ந்தது. மெத்தென்று எதுவோ சாக்குக்குள் விழுந்தது. காலடி இறங்கிப் போயிற்று.

அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். கையுறைகள் குப்பையோடு போயிருந்தன.

முதலில் சிரிப்பு அடங்கவில்லை. குப்பையைக் கொடுத்தால் பரிசு என்று திரும்பி வந்தது, பரிசைக் கொடுத்தால் குப்பை என்று போகிறது. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது. விசிலம்மா வாளியைப் பார்ப்பதே இல்லையோ? ஏதோ இரக்கப்பட்டுச் சொன்னாள். இப்போது கை பழகிவிட்டது, எடுக்கிறாள், கவிழ்க்கிறாள், போகிறாள். நாளைக்கு வாளி இல்லாவிட்டாலும் கை காற்றில் கவிழ்த்துவிட்டுப் போனாலும் போகும். பழகிய கை என்னவெல்லாம் செய்யும் என்பது துணியக்காவுக்குத் தெரியாதா? கணவரின் சட்டையை வெட்டியதும் பழகிய கைதானே.

அந்தச் சந்தேகம் வந்த பிறகு வாளிச் சத்தம் அவளுக்குச் சுவைக்கவில்லை. பல நாள் பொறுத்தாள். ஒரு காலையில் வாளியைக் கையில் எடுத்தவள், வெளியே வைக்காமல் கதவுக்கு உள்ளேயே வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

விசில் கேட்டது. கூட்டம் கூடிக் கலைந்தது. இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி. நாலாவது மாடியில் வாளி கவிழ்ந்தது. காலடி மேலே ஏறியது. கதவுக்கு வெளியே நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் போகப்போகிறாள் என்று துணியக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது.

உடனே எழுந்து திறந்திருக்கவேண்டும். அவள் எழவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு தடவை தட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் தட்டு வந்தது. “அக்கா! அக்கா!” பிறகு தட்டு இடியாக மாறியது. “யாராச்சும் வாங்களேன்! துணியக்கா கதவைத் திறக்கலை!” நாலாவது மாடியில் கதவுகள் திறந்தன. படியில் ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர் சுத்தியல் கொண்டுவரட்டுமா என்று கத்தினார்.

துணியக்கா பதறி எழுந்து கதவைத் திறந்தாள். வாசலில் இத்தனை முகங்களை அவள் கணவர் செத்த அன்றைக்குத்தான் கடைசியாகப் பார்த்தது.

“தூங்கிட்டேன்” என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் போனார்கள். விசிலம்மா போகவில்லை. உள்ளே வந்து, துணியக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்போதுதான் பக்கத்திலிருந்த வாளி அவள் கண்ணில் பட்டது. வாளியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். கதவைப் பார்த்துப் போட்டிருந்த நாற்காலியைக் குனிந்து பார்த்தாள்.

துணியக்கா டீ போடுகிற சாக்கில் அடுப்பருகே போய்விட்டாள். அடுப்பு பற்ற நேரமானது. டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். விசிலம்மா வாங்கிக்கொண்டாள்.

“என் உயிரே போயிட்டு வந்துச்சுக்கா.”

“தெரியும்மா.”

“இனிமே இப்படிப் பண்ணாதீங்க. பண்ணினாலும் நான் தட்டாமப் போகமாட்டேன். அதுதான் கஷ்டம்.”

துணியக்கா தலையாட்டினாள். கையுறையைப் பற்றிக் கேட்க வாய்வரை வந்தது; கேட்கவில்லை. ஏதாவது பேசவேண்டும் என்று இருவருக்கும் இருந்தது. டீ சூடாக இருக்கிறதா என்று இவள் கேட்டாள், சரியாக இருக்கிறது என்று அவள் சொன்னாள். கீழே வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். விசிலம்மா டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே, சாக்கை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போது வாளியை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்துக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

டம்ளரில் பாதி டீ மிச்சமிருந்தது. ஆறின டீ ரோஜாத் தொட்டிக்குப் போகவேண்டியது. டம்ளரை அலசின தண்ணீர் தக்காளிக்கு. துணியக்கா கையை நீட்டினாள், பிறகு எடுத்துக்கொண்டாள். அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து துணி தைத்தாள். சாயங்காலம் வரைக்கும் அதை எடுக்கவில்லை. மேலே ஆடை படிந்துவிட்டது. இனி எதற்கும் ஆகாது. ஆனாலும் ஊசியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம், யாரோ குடித்துக்கொண்டிருந்தவர் உள்ளே எழுந்து போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்பது போலவே இருந்தது.